குருவுக்கு முன்னே செல்லும் கோஷ்டி

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

உபந்யாசம், பாட்டுக் கச்சேரி, வைத்திய ஆலோசனை என்று நடக்கும் இந்த மேடையில், "ஒரு மாறுதலுக்கு வான சாஸ்திரம் பற்றிப் பேசுங்களேன்" என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். பின்னால் காபி தயாராகிக்கொண்டிருக்கும் வாசனை வருகிறது. ஆகவே கொடுத்த நேரத்தைத் தாண்ட மாட்டேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஹெக்டர் என்ற ஒரு சிறுகோளைப் பற்றி. உங்களில் பலர் இந்தப் பெயரை வானத்தோடு சம்பந்தப்படுத்திக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் குரு பகவான்.

குருவின் பன்னிரண்டு வருஷம்

குருப் பெயர்ச்சி என்றால் நம் அகங்களில் தெரியாதவர் கிடையாது. பத்திரிகைகளில் பன்னிரண்டு ராசிக்கும் பலன் வந்துவிடும். ஆலங்குடியிலும் திட்டையிலும் கூட்டம் அலைமோதும். குரு ஒரு ராசியில் சுமார் ஒரு வருஷம் இருக்கிறார். பன்னிரண்டு ராசிகளையும் சுற்றி வர ஏறத்தாழ 12 வருஷம் ஆகிறது. அவர் சிம்மத்தில் இருக்கும்போது வரும் மாசி மகத்தில்தான் கும்பகோணத்தில் மகாமகம். 2004-ல் நடந்தது, 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். சஷ்டியப்தபூர்த்தி செய்துகொள்ளும் அறுபது வயதுக்குள் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, பிறந்தபோது இருந்த இடத்துக்கு ஏறக்குறைய வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை நம் முன்னோர்கள் எவ்வளவு துல்லியமாக வைத்திருந்தார்கள் தெரியுமா? சுமார் 1500 வருஷங்களுக்கு முன் ஆர்யபடர், ஒரு மகாயுகத்தில், அதாவது 43,20,000 வருஷங்களில், குரு 3,64,224 தடவை சுற்றுவதாக எழுதி வைத்தார். குழந்தைகள் யாராவது அப்பாவின் செல்போனை வாங்கி வகுத்துப் பாருங்கள். 11.86 என்று வரும். இன்றைய வானியல் புத்தகத்தில் வியாழனின் ஒரு சுற்றுக்குப் போட்டிருக்கும் காலமும் 11.86 வருஷம்தான்.

ஆனால் ஆர்யபடருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. குரு அந்தப் பாதையில் தனியாகப் போகவில்லை. அவருக்கு முன்னால் ஒரு கோஷ்டி போகிறது. பின்னால் ஒரு கோஷ்டி வருகிறது.

பெருமாள் வீதிப் புறப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். பெருமாளுக்கு முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டி சேவித்துக்கொண்டு போகும். பின்னால் வேத பாராயண கோஷ்டி வரும். நடுவில் பெருமாள். பெருமாள் நகர்ந்தால் இரண்டு கோஷ்டியும் நகரும். குருவின் புறப்பாடும் அப்படித்தான். சூரியனிலிருந்து பார்த்தால், குருவுக்கு 60 டிகிரி முன்னால் ஒரு கூட்டம், 60 டிகிரி பின்னால் ஒரு கூட்டம். ஒரு ராசிக்கு 30 டிகிரி. ஆகவே முன்னால் இரண்டு ராசி, பின்னால் இரண்டு ராசி. குரு மேஷத்தில் இருந்தால் முன் கோஷ்டி மிதுனப் பக்கம் இருக்கும், பின் கோஷ்டி கும்பப் பக்கம் இருக்கும். குரு எந்த வேகத்தில் போகிறாரோ அதே வேகத்தில், அதே 12 வருஷக் கணக்கில், அவையும் சூரியனைச் சுற்றுகின்றன.

இரண்டு கோஷ்டியிலும் சேர்த்து இன்றைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவை எல்லாவற்றிலும் பெரியது முன் கோஷ்டியில் போகும் ஹெக்டர். "குருவின் பாதையிலேயே போனால் ஒரு நாள் குருவின் மேல் மோதிவிடாதா?" என்று கேட்கத் தோன்றும். ஹெக்டருக்கும் குருவுக்கும் நடுவே சுமார் 78 கோடி கிலோமீட்டர் இருக்கிறது. சூரியனுக்கும் குருவுக்கும் உள்ள தூரமும் அதே அளவுதான். சூரியன், குரு, ஹெக்டர் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம் வரும். இன்றைய பேச்சின் சாரம் இந்த முக்கோணத்தில்தான் இருக்கிறது.

யாருக்கும் உபயோகமில்லாத ஒரு கணக்கு

இந்த முக்கோணத்தை முதலில் பார்த்தவர் தொலைநோக்கியில் பார்க்கவில்லை. காகிதத்தில் பார்த்தார். அவர் பெயர் லக்ராஞ்ச். 1736-ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் பிறந்தவர். அப்பா வசதியானவர். பிள்ளை வக்கீலாக வேண்டும் என்பது அவருடைய திட்டம். பிள்ளையோ ஹாலி எழுதிய ஒரு கணிதக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கணக்கின் பக்கம் போய்விட்டார். அப்பா வியாபாரத்தில் பணத்தை இழந்துவிட்டார். "நான் பணக்காரனாகவே இருந்திருந்தால் கணிதத்துக்கு வந்திருக்க மாட்டேன்" என்ற பொருள்பட லக்ராஞ்ச் பிற்காலத்தில் சொன்னதாகக் கூறுவார்கள்.

அந்தக் காலத்தில் கணித மேதைகளைத் தூங்கவிடாமல் செய்த புதிர் ஒன்று உண்டு. இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று ஈர்த்துக்கொண்டு சுற்றினால் அவை எப்படிப் போகும் என்பதை நியூட்டன் முழுமையாகச் சொல்லிவிட்டார். மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தால் கணக்கு சிக்கலாகிவிடுகிறது. இரண்டு சம்பந்திகள் பேசி முடித்த கல்யாணத்தில் மூன்றாவது மனிதர் வந்து யோசனை சொல்வது போலத்தான். எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் பொருந்தும் எளிய விடை அந்தப் புதிருக்குக் கிடைக்கவில்லை.

1772-ல் பெர்லினில் இருந்த லக்ராஞ்ச், பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசுக்காக இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பரிசு அவருக்கும் ஆய்லருக்கும் சேர்த்துக் கிடைத்தது. மூன்று பொருள்களும் ஒரே நேர்கோட்டில் நின்று சுற்றும் ஏற்பாட்டை ஆய்லர் ஏற்கெனவே கண்டிருந்தார். சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் நின்றாலும் அந்த வடிவம் கலையாமல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்க முடியும் என்று லக்ராஞ்ச் நிரூபித்தார்.

இதன் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முக்கோணத்தின் பக்கங்கள் சமம். ஆகவே மூன்றாவது பொருளுக்குச் சூரியனும் குருவும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. தூரம் ஒன்று என்பதால், யார் எவ்வளவு கனமோ அந்த விகிதத்தில் இழுக்கிறார்கள். இந்த இரண்டு இழுப்பையும் கூட்டினால், சூரியனும் குருவும் எந்தப் பொது மையத்தைச் சுற்றுகின்றனவோ, மிகச் சரியாக அந்த மையத்தை நோக்கி அது அமைகிறது. குருவோடு கூடவே சுற்றிவர எவ்வளவு இழுப்பு வேண்டுமோ, கூடாமல் குறையாமல் அவ்வளவு கிடைக்கிறது.

சற்று விலகினால் என்ன ஆகும்? சூரியனுக்கும் கோளுக்கும் உள்ள எடை வித்தியாசம் சுமார் 25 மடங்குக்கு மேல் இருந்தால், விலகிய பொருள் தொலைந்து போகாமல் அந்த இடத்தைச் சுற்றியே ஊசலாடும் என்று 1843-ல் காஷோ என்ற பிரெஞ்சுக் கணித வல்லுநர் காட்டினார். சூரியன் குருவைப் போல 1047 மடங்கு கனம். ஆகவே கவலையில்லை. கோஷ்டியில் இருக்கும் சிறுகோள்கள் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே போகின்றன. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 150 வருஷம்.

இவ்வளவு அழகான கணக்கு. ஆனால் இதற்கு வானத்தில் உதாரணம் எதுவும் இருப்பதாக லக்ராஞ்சுக்குத் தெரியாது. இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. கணித ரீதியாகச் சுவாரஸ்யமானது என்ற அளவில் எழுதி வைத்தார். 1813-ல் காலமானார். அந்தக் காகிதம் அப்படியே இருந்தது.

பார்த்தவர் வேறு, கண்டவர் வேறு

1904-ல் அமெரிக்காவில் பர்னார்ட் என்ற தேர்ந்த வானியலர் சனிக் கிரகத்தின் அருகே ஒரு மங்கலான புள்ளியைப் பார்த்துக் குறித்து வைத்தார். சனியின் துணைக்கோளான ஃபீபியாக இருக்கலாம் என்று நினைத்தார். அது உண்மையில் குருவின் கோஷ்டியைச் சேர்ந்த ஒரு சிறுகோள் என்பது 1999-ல்தான் தெரிய வந்தது. அவருடைய கண்ணில் குறை ஒன்றுமில்லை. ஒரே ஒரு ராத்திரி பார்த்த புள்ளியை வைத்து அதன் பாதையைக் கணக்கிட முடியாது.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்துக்கு மேலே ஒரு குன்றில் உள்ள வானாய்வுக் கூடத்தில் மாக்ஸ் வுல்ஃப் என்பவர் வேலை செய்தார். சிறுகோள்களைத் தேட 1891-லேயே புகைப்பட முறையைக் கொண்டு வந்தவர் அவர். முறை எளிமையானது. நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும்படி தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே, கண்ணாடித் தகட்டில் நீண்ட நேரம் படம் பிடிப்பார்கள். நட்சத்திரங்கள் புள்ளியாக விழும். நகரும் சிறுகோள் சின்னக் கோடாக விழும். கோடு நீளமாக இருந்தால் பொருள் பக்கத்தில் இருக்கிறது. குட்டையாக இருந்தால் தொலைவில் இருக்கிறது. காதரின் புரூஸ் என்ற அமெரிக்கச் சீமாட்டி கொடுத்த நன்கொடையில் அங்கே ஓர் இரட்டைத் தொலைநோக்கி அமைந்திருந்தது.

1906 பிப்ரவரி 22 அன்று வுல்ஃபின் தகட்டில் வழக்கத்துக்கு மாறாக ஒரு குட்டைக் கோடு விழுந்தது. மற்ற சிறுகோள்களைவிட மிகவும் தள்ளி, குருவின் தூரத்திலேயே அது போய்க்கொண்டிருந்தது. ஸ்வீடன் நாட்டு வானியலர் சார்லியர் அதன் பாதையைப் பார்த்துவிட்டு, இது லக்ராஞ்சின் முக்கோணம் என்று கண்டுகொண்டார். காகிதத்தில் எழுதி 134 வருஷம் கழித்து வானம் அதற்குக் கையெழுத்துப் போட்டது.

வுல்ஃபிடம் வேலை பார்த்த ஆகஸ்ட் காப்ஃப் என்ற இளைஞர் அதே 1906 அக்டோபரில் பின் கோஷ்டியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1907 பிப்ரவரி 10 அன்று முன் கோஷ்டியில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் நம் ஹெக்டர். வரிசை எண் 624. அப்போது காப்ஃபுக்கு வயது 25தான்.

இவற்றுக்குப் பெயர் வைக்கும் யோசனையை வியன்னாவைச் சேர்ந்த யோஹான் பலிசா சொன்னார். கிரேக்கர்களின் பாரதப் போர் என்று சொல்லத்தக்க ட்ராய் யுத்தத்தின் வீரர்களின் பெயரை வைக்கலாம் என்றார். முதலாவது அக்கிலீஸ், அடுத்தது பட்ரோக்ளஸ், மூன்றாவது ஹெக்டர். அதனால் இந்தச் சிறுகோள்களுக்கே ட்ரோஜன்கள் என்று பெயர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ட்ரோஜன் வைரஸ் என்று பயமுறுத்துகிறார்களே, அதுவும் அந்தக் கதையில் வரும் மரக்குதிரையிலிருந்து வந்த பெயர்தான்.

பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. குருவுக்கு முன் போகும் கூட்டம் கிரேக்கர் பாசறை, பின் வரும் கூட்டம் ட்ராய் பாசறை, அந்தந்தப் பாசறைக்கு அந்தந்தப் பக்கத்து வீரர் பெயர் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அதற்குள் இரண்டு பெயர்கள் இடம் மாறி நிலைத்துவிட்டன. ஹெக்டர் ட்ராய் நகரத்து இளவரசன், கிரேக்கர் பாசறையில் இருக்கிறான். பட்ரோக்ளஸ் கிரேக்கன், ட்ராய் பாசறையில் இருக்கிறான். துரியோதனனின் கூடாரத்தைப் பாண்டவர் பாசறையில் அடித்த மாதிரி. வைத்த பெயரை மாற்றும் வழக்கமில்லை என்பதால் இன்றுவரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஹெக்டர் எப்படிப்பட்டவன்?

ஹெக்டரை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. நல்ல தொலைநோக்கியிலும் ஒரு மங்கலான புள்ளிதான். அந்தப் புள்ளியை வைத்து மனிதர்கள் எவ்வளவு தெரிந்துகொண்டார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

முதலில் அதன் ஒளி ஏறி இறங்குவதைக் கவனித்தார்கள். ஹெக்டர் தன்னைத் தானே ஒரு தடவை சுற்றிக்கொள்ள ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. அந்தச் சுற்றுக்குள் அதன் ஒளி சில சமயம் ஏறத்தாழ மூன்று மடங்கு வரை கூடிக் குறைகிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒரு பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் இருக்கலாம். அல்லது உருவமே நீளமாக இருக்கலாம். ஒரு வெள்ளரிக்காயைச் சுழற்றினால், பக்கவாட்டில் பார்க்கும்போது பெரிதாகவும் நுனியைப் பார்க்கும்போது சிறிதாகவும் தெரிகிறதல்லவா?

1970-களின் கடைசியில் ஹார்ட்மன், க்ரூக்‌ஷாங்க் என்ற இரண்டு பேர் இதைத் தீர்க்க நல்ல உபாயம் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, ஹெக்டர் வெளிவிடும் வெப்பத்தையும் சேர்த்து அளந்தார்கள். கறுப்புப் பக்கம் அதிகமாகச் சூடேறும். ஆகவே நிறம்தான் காரணம் என்றால் ஒளி குறையும்போது வெப்பம் கூட வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒளி கூடும்போது வெப்பமும் கூடியது, குறையும்போது இரண்டும் குறைந்தன. ஆகவே உருவம்தான் நீளம் என்று தெரிந்தது. நீளம் சுமார் 400 கிலோமீட்டர், அகலம் சுமார் 200 கிலோமீட்டர். நமக்குப் புரியும்படி சொன்னால், நீளம் மும்பையிலிருந்து சாலை வழியே கோலாப்பூர் போகும் தூரம்.

2006-ல் ஹவாய்த் தீவில் மலை உச்சியில் இருக்கும் கெக் தொலைநோக்கி மூலம் மார்ஷி என்பவரின் குழு ஹெக்டரைக் கூர்ந்து பார்த்தது. இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்ட நிலக்கடலை போன்ற உருவம் என்று தெரிந்தது. கூடவே ஒரு குட்டி நிலாவும் அகப்பட்டது. சுமார் 12 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த நிலா, மூன்று நாளைக்கு ஒரு தடவை ஹெக்டரைச் சுற்றுகிறது. அதற்கு ஹெக்டரின் பிள்ளையான ஸ்கமாண்ட்ரியஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். கதையில் தகப்பனையும் பிள்ளையையும் யுத்தம் பிரித்துவிட்டது. வானத்தில் சேர்ந்து இருக்கிறார்கள்.

ஹெக்டரின் மேற்பரப்பு கரி போல் இருண்டு, சற்றே சிவப்புக் கலந்தது. மேலே விழும் வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கையே திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு இருண்ட, சிவந்த பொருள் எங்கிருந்து வந்தது என்பது இன்றும் ஆராய்ச்சியில் இருக்கிறது. 2005-ல் வெளிவந்த ஒரு கருத்துக்கு ஆதரவு அதிகம். ஆதியில் பெரிய கோள்கள் இன்று இருக்கும் இடத்தில் இருக்கவில்லை. அவை இடம் பெயர்ந்தபோது, வெகு தொலைவில் உறைந்து கிடந்த பொருள்கள் சிதறி உள்ளே வந்தன. அவற்றில் சில குருவின் இந்த இரண்டு இடங்களிலும் மாட்டிக்கொண்டன என்பது அந்தக் கருத்து. அது சரியென்றால், சூரிய குடும்பம் பிறந்த காலத்துப் பழைய சரக்கு அங்கே பத்திரமாக இருக்கிறது. பெரியவர்கள் பரண் மேல் போட்டு வைத்த டிரங்குப் பெட்டி மாதிரி.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் 2021 அக்டோபர் 16 அன்று நாஸா லூசி என்ற விண்கலத்தை அனுப்பியது. வழியில் 2023 நவம்பரிலும் 2025 ஏப்ரலிலும் இரண்டு சிறுகோள்களைப் பார்த்துவிட்டது. 2027 ஆகஸ்டிலிருந்து 2028 நவம்பர் வரை முன் கோஷ்டியில் சில சிறுகோள்களை அருகில் சென்று பார்க்கும்படி திட்டம். 2033-ல் பின் கோஷ்டிக்குப் போய் பட்ரோக்ளஸைப் பார்க்கும். ஹெக்டர் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் பாதை சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கிறது. இருந்தாலும் ஹெக்டரின் உறவினர்களை நாம் பார்க்கப் போகிறோம். 2028 மாசியில் மகாமகக் குளத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஸ்நானம் செய்யும்போது குரு சிம்மத்தில் இருப்பார். அவருக்கு இரண்டு ராசி முன்னால், துலாம் பக்கத்தில், மனிதன் செய்த ஒரு கலம் அந்தக் கோஷ்டிக்குள் பயணம் செய்துகொண்டிருக்கும்.

இதனால் நமக்கு என்ன?

"எல்லாம் சரி சார், இதனால் நமக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ஆதித்யா எல்-1 புறப்பட்டது. 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் ஓரிடத்தைச் சுற்றத் தொடங்கியது. எல் என்ற எழுத்து லக்ராஞ்சைக் குறிக்கிறது. ஆய்லரும் லக்ராஞ்சும் காகிதத்தில் கண்ட ஐந்து இடங்களில் அது முதலாவது. ஹெக்டர் இருப்பது நான்காவது. கிரகணமோ மறைப்போ இல்லாமல் சூரியனை இடைவிடாமல் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. 250 வருஷத்துக்கு முன் யாருக்கும் உபயோகமில்லாமல் போட்ட கணக்கு, இன்று நம் தேசத்தின் விண்கலத்துக்கு விலாசமாகியிருக்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் படித்து வளர்ந்த பெண்மணி.

இப்போது நம் அகங்களுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், "நான் பௌதிகம் படிக்கிறேன்" என்றாள். "அதைப் படிச்சுட்டு என்ன பண்ணப் போறே?" என்று அப்பா கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது. கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். நன்றாகப் படிப்பாள். நல்ல வேலையும் கிடைக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் கவலையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டுக் கடனும் வயதான பெற்றோரும் அவர் தலையில். ஆனால் பெண் ஆசையோடு சொன்ன ஒரு விஷயத்தைப் பற்றி அந்த அகத்தில் யாரும் பத்து நிமிஷம் விசாரிக்கவில்லை. எங்கே படிக்கலாம், உதவித்தொகை உண்டா, படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

விசாரித்தால் வழி இருக்கிறது. புனேயில் ஐஸர் இருக்கிறது, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது, கணிதத்துக்குச் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. நம் மும்பையிலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒலிம்பியாட் இதே மும்பையில் நடந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மான்கூர்டில் உள்ள ஹோமி பாபா மையம்தான் நம் நாட்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்கிறது. இந்த ஹாலிலிருந்து ஒரு டாக்ஸி தூரம்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. ஜ்யோதிஷம் வேதாங்கங்களில் ஒன்று. அதற்கு மூன்று ஸ்கந்தங்கள் சொல்வார்கள்: சித்தாந்தம், சம்ஹிதை, ஹோரை. சித்தாந்தம் என்பது கணக்கு. ஹோரை என்பது பலன். நாம் பலனை இறுகப் பிடித்துக்கொண்டோம், கணக்கைக் கைவிட்டோம். குருப் பெயர்ச்சி அன்று எந்த ராசிக்கு என்ன பரிகாரம் என்று கேட்பவர்களில், குரு ஏன் ஒரு ராசியில் ஒரு வருஷம் இருக்கிறார் என்று பேரனுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பரிகாரம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 3,64,224 என்ற எண்ணைக் கொடுத்த பரம்பரை அந்த எண்ணை மறந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

1988-ல் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். கும்பகோணத்தில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து, பரீட்சையில் தேறாமல், உபயோகமில்லாத கணக்கு போட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் பெயரை இன்று ஆகாசத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் படத்தை நாம் சங்க விழாக்களில் பெருமையோடு மாட்டுகிறோம். அதே மாதிரி ஒரு பிள்ளை இன்று நம் அகத்தில் இருந்தால் அவனை என்ன சொல்வோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வருஷமும் அதிக மார்க் வாங்கிய குழந்தைகளுக்கு நம் சங்கம் பரிசு கொடுக்கிறது. நல்ல காரியம். அதோடு இன்னும் ஒரே ஒரு பரிசு சேர்க்கலாம். பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைத் தானாக எடுத்துக்கொண்டு, ஒரு வருஷம் விடாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்த குழந்தைக்கு அந்தப் பரிசு. கேள்வி எதுவாகவும் இருக்கட்டும். மார்க் வேண்டாம், பிரயோஜனம் என்ன என்றும் கேட்க வேண்டாம். முதல் வருஷத்துப் பரிசுத் தொகையை நான் தருகிறேன்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். குரு ராத்திரி முழுவதும் தெரியும் மாதங்களில் மொட்டை மாடிக்குப் போங்கள். மும்பை வெளிச்சத்திலும் குரு பளிச்சென்று தெரிவார். கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. குருவிலிருந்து கிழக்குப் பக்கமாக ஆறு ஏழு முஷ்டி எண்ணுங்கள். அங்கே உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முன் கோஷ்டி போய்க்கொண்டிருப்பது அந்தத் திசையில்தான். ஹெக்டரும் அதில் இருக்கிறான். அம்மா அப்பாவையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போய், அது ஏன் அங்கே இருக்கிறது என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லுங்கள்.